துளைக்குள் உடைந்து நின்ற டேப்பும் நானே கட்டிய மின்பொறி அரிப்பு எந்திரமும்

முன்கடினப்படுத்திய டை (அச்சு) எஃகுக் கட்டை ஒன்றில் எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள, மரை போட்டுக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு துளைகளில் கடைசித் துளையில், துளைக்குள் மரை வெட்டும் கருவியான டேப் உடைந்து, மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கீழே நின்றுவிட்டது. உடைந்த டேப்பின் பள்ளங்களுக்குள் விரல்களை நுழைத்துத் திருப்பி எடுக்கும் கருவியை முயன்றேன். அதன் இரண்டு விரல்கள் முறிந்து, எடுக்க வேண்டிய உலோகத்தின் அளவுதான் கூடியது. பிறகு கார்பைடு டிரில் பிட்டை இறக்கினேன். உடைந்த முகம் சரிவாக இருந்ததால் அது நடுவில் நிற்காமல் வழுக்கிப் பக்கச் சுவரைத் தொடப் பார்த்தது. அதற்கு மேல் பலத்தால் எதையும் செய்யக் கூடாது என்று அங்கேயே நிறுத்தினேன்.

டேப் செய்யப்படும் அதிவேக எஃகின் கடினம் 63 முதல் 65 ராக்வெல் சி வரை இருக்கும். அதைச் சுற்றியுள்ள கட்டையோ ஏறத்தாழ 30 ராக்வெல் சி மட்டுமே. ஆகவே வெட்டும் கருவி எதை இறக்கினாலும் அது கடினமானதை விட்டுவிட்டு மென்மையானதை நோக்கியே விலகும். மின்பொறி அரிப்பு, அதாவது பட்டறைகளில் இ.டி.எம். என்று சொல்லப்படும் முறை, இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. மின்வாய், அதாவது மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் தண்டு, அரிக்கப்படும் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் இடையே முடியின் பருமனைவிடக் குறைந்த இடைவெளியில் பொறி பாய்ந்து, பாய்ந்த புள்ளியில் உலோகத்தை உருக்கியும் ஆவியாக்கியும் ஒரு சிறு குழியை உண்டாக்குகிறது. கடினம் என்ற குணத்திற்கு அங்கே வேலையில்லை. உருகுநிலையும் வெப்பக் கடத்தலும் மின்கடத்தும் தன்மையும் மட்டுமே கணக்கில் வரும்.

நான் கட்டிய சுற்று பழைய வகையைச் சேர்ந்தது. மின்தடை வழியாகக் கெப்பாசிட்டர் மின்னேறும்; இடைவெளியின் காப்பு உடையும் அளவுக்கு மின்னழுத்தம் உயர்ந்ததும் தேங்கிய ஆற்றல் முழுவதும் ஒரே பொறியாகக் கொட்டும்; மறுபடி மின்னேறும். 1943-இல் சோவியத் விஞ்ஞானிகளான லாசரென்கோ தம்பதியினர் சுவிட்சுகளின் தொடுமுனைகள் பொறியால் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடினர். அந்த ஆய்வில், எண்ணெய்க்குள் பாயும் பொறி கட்டுக்கடங்கி ஒழுங்காகப் பாய்வதைக் கண்டு, தடுக்க நினைத்த அரிப்பையே வேலைக்குப் பயன்படுத்தினர். இன்றைய எந்திரங்கள் டிரான்சிஸ்டர்களால் துடிப்புகளின் நீளத்தை மைக்ரோவினாடி கணக்கில் அமைக்கின்றன என்றாலும், ஒரே ஒரு டேப்பை எடுப்பதற்கு அந்தப் பழைய சுற்றே போதும் என்று தீர்மானித்தேன்.

மின்வழங்கியில் சிக்கல் எதுவும் இல்லை. 56 வோல்ட் தரும் தனிப்படுத்தும் மின்மாற்றி, மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசையாக்கும் பிரிட்ஜ் டயோடு, 4700 மைக்ரோபாரட் வடிகட்டிக் கெப்பாசிட்டர் ஆகியவற்றைச் சேர்த்தபோது சுமார் 78 வோல்ட் நேர்மின்னழுத்தம் கிடைத்தது. மின்மாற்றியின்றி வீட்டு மின்னிணைப்பை நேரடியாக ஒருதிசை மின்சாரமாக்கிப் பயன்படுத்தும் சுற்றுப்படங்களும் காணக் கிடைக்கின்றன. திரவத் தொட்டிக்குள் கைவிட வேண்டிய ஓர் எந்திரத்தில் அப்படிச் செய்வது தற்கொலைக்கு ஒப்பாகும். 78 வோல்ட்டும் ஈரக் கைக்கு ஆபத்தானதே. அதனால் வடிகட்டிக் கெப்பாசிட்டரின் குறுக்கே 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாக இணைத்தேன். சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் காத்திருந்தால் மின்னேற்றம் முழுவதும் வடிந்துவிடுகிறது.

பொறியை உண்டாக்கும் கெப்பாசிட்டரில்தான் முதல் தவறு நேர்ந்தது. கையிலிருந்த மின்பகுளி வகைக் கெப்பாசிட்டர்களை வைத்தேன். பத்து நிமிடத்தில் அவை தொட முடியாத அளவுக்குச் சூடேறின. ஒன்றின் தலைப்பகுதி உப்பியது. பொறி பாயும் சில மைக்ரோவினாடிகளில் மின்னோட்டம் நூறு ஆம்பியரைத் தாண்டுகிறது. அதோடு, கம்பிகளின் மின்தூண்டலால் அது ஊசலாடி எதிர்த்திசையிலும் ஒரு கணம் பாய்கிறது. மின்பகுளி வகை இவ்விரண்டையுமே தாங்காது. மோட்டார்களுடன் தொடர்ந்து இயங்கும் பாலிபுரொப்பிலீன் கெப்பாசிட்டர்களில் 10 மைக்ரோபாரட் அளவுள்ள இரண்டை இணையாகப் பூட்டி, அவற்றை மின்வாய்த் தலைக்கு ஒரு சாண் தொலைவுக்குள், தடித்த குறுங்கம்பிகளால் இணைத்தபின் வெப்பமே தெரியவில்லை. முழுமையாக மின்னேறிய 20 மைக்ரோபாரட்டில் 78 வோல்ட்டுக்குச் சுமார் 61 மில்லிஜூல் தேங்கும். மெருகான வேலைக்கு இது மிக அதிகம். டேப்பைக் கரைக்க ஏற்ற அளவு.

மின்தடை விஷயத்தில் பேராசைதான் இடறியது. மின்தடை குறைந்தால் கெப்பாசிட்டர் விரைவாக மின்னேறும், பொறிகளின் எண்ணிக்கை கூடும், வேலையும் விரையும் என்று எண்ணி, 100 ஓம் மின்தடைகள் எட்டினை இணையாக வைத்து 12.5 ஓம் ஆக்கினேன். பொறி பொறியாகப் பாய வேண்டியது, ஒரே இடத்தில் அணையாமல் எரியும் மின்வில்லாக மாறியது. ஒரு பொறி முடிந்ததும் இடைவெளியிலுள்ள திரவம் தன் காப்புத் தன்மையை மீட்டுக்கொள்ள ஓர் இடைநேரம் வேண்டும். மின்வழங்கியே தொடர்ந்து ஆறு ஆம்பியரை ஊட்டிக்கொண்டிருந்தால் அந்த இடைநேரம் கிடைக்காது. சோதனைத் துண்டில் கருகிய பள்ளம் ஒன்று மட்டுமே மிஞ்சியது. நான்கு மின்தடைகளைக் கழற்றி 25 ஓம் ஆக்கியபின், சரசரவென்ற சீரான பொரியோசை முதன்முதலாகக் கேட்டது. குறுக்குச்சுற்று நேரும்போது அந்த நான்கில் ஒவ்வொன்றும் 60 வாட்டுக்கு மேல் வெப்பமாக்கும் என்பதால், 100 வாட் திறனுள்ளவற்றைத் தடித்த அலுமினியத் தகட்டில் பூட்டி விசிறியும் வைத்தேன்.

மின்வாயை இறக்கி ஏற்றும் தலைக்கு, ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் நகரும் லீட் ஸ்குரூ என்னும் திருகும், படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரும் பயன்பட்டன. மோட்டாரின் 200 படிகளைப் பதினாறாகப் பகுத்தால் ஒரு நுண்படிக்கு 0.625 மைக்ரான் என்று கணக்கு வரும். தாளில் எழுதிய இந்த எண்ணை எந்திரம் மதிப்பதில்லை. நட்டுக்கும் திருகுக்கும் இடையிலுள்ள ஆட்டமே அதைப்போல் பல பத்து மடங்கு இருந்தது. தலையின்மீது இரண்டு கிலோ எடையைக் கட்டி, ஆட்டம் எப்போதும் ஒரே பக்கம் சாயும்படி செய்த பிறகே அசைவு நம்பத்தக்கதாயிற்று.

இடைவெளியை அளக்கும் வழி ஒன்றே ஒன்றுதான்: அதன் குறுக்கே நிலவும் சராசரி மின்னழுத்தம். இடைவெளி அகன்றால் பொறி பாயாமல் 78 வோல்ட் முழுவதும் தெரியும். மின்வாய் தொட்டுவிட்டால் ஏறத்தாழ சுழியமாகும். நல்ல பொறிகள் பாயும்போது இரண்டுக்கும் நடுவே நிற்கும். 55 வோல்ட்டுக்கு மேல் போனால் இறங்கு, 30 வோல்ட்டுக்குக் கீழ் வந்தால் ஏறு, நடுவில் இருந்தால் அப்படியே நில் என்று மின்னழுத்தங்களை ஒப்பிடும் இரண்டு கம்பாரேட்டர்களால் கட்டளை அமைத்தேன். தொடக்கத்தில் இந்த நடுப்பகுதியை ஐந்து வோல்ட்டாகக் குறுக்கி வைத்திருந்ததால், தலை ஓயாமல் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்ததே தவிர வேலை நடக்கவில்லை. இதற்கிடையே, ஒவ்வொரு பொறியின் மின்காந்த இரைச்சலும் நுண்கட்டுப்பாட்டுப் பலகையை நினைத்தபோதெல்லாம் மறுதொடக்கம் செய்யவைத்தது. சமிக்ஞைகளை, மின்தொடர்பின்றி ஒளியால் கடத்தும் ஆப்டோகப்ளர் வழியாகப் பிரித்து, பலகைக்குத் தனி மின்வழங்கி கொடுத்து, தலைக்குச் செல்லும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிய பிறகே அது அடங்கியது. இந்த ஒரு தொல்லைக்கு மட்டும் மூன்று மாலைப் பொழுதுகள் செலவாயின.

திரவமாக மண்ணெண்ணெயைப் பலர் பயன்படுத்துகின்றனர். பொறியைப் பொறுத்தவரை அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதன் தீப்பற்றுநிலை 40 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கக்கூடும் என்பதால், ஆளில்லாமல் ஒரு கணமும் விடக் கூடாத பொறுப்பு வந்து சேரும். நான் இதற்கென்றே விற்கப்படும், தீப்பற்றுநிலை 100 பாகைக்கு மேற்பட்ட எண்ணெயை வாங்கினேன். அப்படியிருந்தும், பொறி பாயும் இடத்திற்கு மேல் 50 மில்லிமீட்டர் எண்ணெய் நிற்க வேண்டும் என்பதில் தளர்வு காட்டவில்லை. மட்டம் குறைந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மிதவைச் சுவிட்சு ஒன்றும் உண்டு. பொறியின் வெப்பத்தில் எண்ணெய் சிதைந்து ஹைட்ரஜன், மீத்தேன், அசெட்டிலீன் போன்ற வாயுக்கள் வெளிவரும். ஜன்னல் விசிறியை ஓடவிட்டு, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தொட்டிக்கு நேர்மேலே அல்லாமல், வைத்துக்கொண்டேன். கட்டையின் அடிப்பக்கக் குழிவு ஒன்றில் சிக்கிய வாயு ஒருமுறை 'டப்' என்று வெடித்து எண்ணெயை என் கண்ணாடிமேல் தெறிக்கவைத்தது. அன்றிலிருந்து குமிழிகள் எந்தக் குழிவிலும் தங்காதபடி கட்டையைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தி, தலையை அந்தச் சாய்வுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்கிறேன்.

இனி டேப்பிற்கு வருவோம். எம்6 டேப்பில் நான்கு பள்ளங்கள். அவற்றுக்கு நடுவிலுள்ள கருத்தண்டின் விட்டம் சுமார் 2.2 மில்லிமீட்டர். டேப் முழுவதையும் கரைக்கத் தேவையில்லை. அந்தக் கருத்தண்டை மட்டும் அரித்துவிட்டால், வெட்டும் பற்கள் நான்கு தனித்தனிச் சீவல்களாகப் பிரிந்து உள்நோக்கி விழும், சுற்றியுள்ள மரைக்கும் சேதம் வராது. எனவே 2.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பித்தளைத் தண்டை மின்வாயாக எடுத்துக்கொண்டேன். பொறி இடைவெளியும் சேர்ந்து துளை 2.65 மில்லிமீட்டர் அளவுக்கு வரும் என்பதைச் சோதனைத் துண்டில் அளந்து வைத்திருந்தேன்.

முதல் முயற்சியில் கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால், டேப்பில் ஒரு மில்லிமீட்டர் பள்ளமும் தண்டில் மூன்று மில்லிமீட்டர் தேய்வும் இருந்தன. முனைகளை மாற்றி இணைத்திருந்தேன். மிகக் குறுகிய பொறிகளில், எடை குறைந்த எலெக்ட்ரான்கள் உடனே வேகம் பிடித்து நேர்முனையைத் தாக்குகின்றன; கனமான அயனிகள் எதிர்முனையை நோக்கி வேகம் பிடிப்பதற்குள் பொறியே முடிந்துவிடுகிறது. ஆகவே இத்தகைய கெப்பாசிட்டர் சுற்றில் அரிக்கப்பட வேண்டிய ஜாப் (வேலைப்பொருள்) நேர்முனையிலும், மின்வாய் எதிர்முனையிலும் இருக்க வேண்டும். நீண்ட துடிப்புகளைத் தரும் எந்திரங்களில் இது தலைகீழாகும். நான் அந்த வகை எந்திரத்தின் குறிப்பைப் பார்த்து இணைத்ததே குழப்பத்திற்குக் காரணம்.

முனைகளைத் திருத்தியபின் ஐம்பது நிமிடத்தில் நான்கு மில்லிமீட்டர் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. தலை இறங்குவதும், குறுக்குச்சுற்று என்று ஏறுவதும், மீண்டும் இறங்குவதுமாக அரைமணி நேரம் போனது, ஆழம் கூடவில்லை. முதலில் மின்னழுத்த எல்லைகளை மாற்றினேன், பிறகு கெப்பாசிட்டரைக் கூட்டினேன், பிறகு குறைத்தேன். எதுவும் பயன் தரவில்லை. மின்வாயை வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: அதன் முனையில் கருப்பான, மொறுமொறுப்பான கட்டி ஒன்று வளர்ந்திருந்தது. துளைக்குள் கரைந்த உலோகத் துகள்களும் எண்ணெயிலிருந்து பிரிந்த கரியும் வெளியேற வழியின்றிப் படிந்து, பொறி பாய வேண்டிய இடைவெளியைப் பாலம் போட்டு அடைத்துவிட்டன. நான் இரண்டு நாட்களாக வோல்ட்டையும் ஆம்பியரையும் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்த சிக்கலோ குப்பை அள்ளும் சிக்கல்.

தலையை நான்கு வினாடிக்கு ஒருமுறை இரண்டு மில்லிமீட்டர் தூக்கி இறக்கும்படி செய்ததில் சிறிது முன்னேற்றம் கிடைத்தது. மின்வாய் ஏறும்போது புதிய எண்ணெயை உறிஞ்சி, இறங்கும்போது கசடைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆனால் ஆழம் கூடக்கூட இந்த இறைப்பு வலுவிழந்தது. முழுத் தண்டைக் கைவிட்டு, அதே 2.5 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் ஒரு மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட பித்தளைக் குழாய்க்கு மாறினேன். குழாயின் மேல்முனையில் சிறு பம்பு ஒன்றால் வடிகட்டிய எண்ணெயைச் செலுத்தியதும், துளையின் வாயிலிருந்து மை கலந்ததுபோல் கருப்பான ஓட்டம் எழுந்தது. அந்தக் கருப்பு இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது என்று பொருள்; அது தெளியத் தொடங்கினால் மீட்டரைப் பார்க்கும் முன்பே எழுந்துபோய்ப் பார்க்கலாம். அழுத்தத்தை மிகக் கூட்டுவதும் தவறு. குழாய் அதிர்ந்து பக்கச் சுவரைத் தொடுகிறது, தேய்வும் கூடுகிறது.

குழாய் என்பதால் வேறொரு தொந்தரவு முளைத்தது. அதன் நடுவிலுள்ள ஓட்டைக்கு நேராக டேப்பின் உலோகம் அரிக்கப்படாமல் ஊசிபோல் நின்றுவிடும். ஆறு மில்லிமீட்டர் ஆழத்தில் அந்த ஊசி சாய்ந்து குழாயின் உட்சுவரைத் தொட்டுக் குறுக்குச்சுற்றை உண்டாக்கியதோடு, எண்ணெய் வரும் வழியையும் பாதி அடைத்தது. மின்பொறித் துளையிடலுக்கென்று விற்கப்படும் குழாய்களில் உள்ளே குறுக்குத் தடுப்பு வைத்து இரண்டு அல்லது மூன்று வழிகளாகப் பிரித்திருப்பார்கள். குழாய் சுழலும்போது ஊசி மிஞ்சாமல் அந்தத் தடுப்பே அரித்துவிடும். என் தலையில் சுழற்சி இல்லை. ஆனால் அதிவேக எஃகின் நொறுங்கும் தன்மை இங்கே துணைக்கு வந்தது: மின்சாரத்தை அணைத்து, குழாயை உயர்த்தி, கூர்முனைக் கம்பியால் ஊசியைத் தட்டியதும் அது கண்ணாடிபோல் முறிந்தது. அதன்பின் ஒவ்வொரு மூன்று மில்லிமீட்டருக்கும் ஒருமுறை நிறுத்தி ஊசியை முறித்துக் காந்தத்தால் எடுத்தேன்.

இப்படியாக 14 மில்லிமீட்டர் ஆழத்தை எட்ட, நிறுத்தங்களைத் தவிர்த்து, இரண்டு மணி நேரமும் இருபது நிமிடமும் பிடித்தன. குழாய் ஒன்பது மில்லிமீட்டர் குறைந்திருந்தது. தலை எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து ஆழத்தைச் சொல்ல முடியாது என்பது இதனால் தெரியும். தலை 23 மில்லிமீட்டர் இறங்கியிருக்க, துளை 14 மட்டுமே ஆழ்ந்திருந்தது. நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் மின்சாரமின்றிக் குழாயைக் கட்டையின் மேற்பரப்பில் தொடவைத்து, அங்கிருந்து துளையின் அடிவரை அளந்துகொண்டேன். செம்பு இதைவிடக் குறைவாகத் தேயும். அந்த அளவில் செம்புக் குழாய் என்னிடம் இல்லை.

நான்கு சீவல்களையும் கூர்முனையால் நடுநோக்கிச் சாய்த்தபோது மூன்று உடனே விழுந்தன. நான்காவது மட்டும் மரையில் கவ்விக்கொண்டு நின்றது. குழாயை அந்தப் பக்கம் சற்று நகர்த்தி மேலும் பதினைந்து நிமிடம் பொறி பாய்ச்ச வேண்டியதாயிற்று. அந்த நகர்த்தலில், மேலிருந்து மூன்றாவது மரைச்சுற்றின் உச்சி ஓரிடத்தில் கடிபட்டுவிட்டது. பெரிய இழப்பில்லை என்றாலும் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. துளையைக் கழுவி, புதிய டேப்பைக் கையால் மெதுவாக இறக்கினேன். கடிபட்ட இடத்தில் மட்டும் உரசல் தெரிந்தது. பொறி பட்ட எஃகு உருகி, உடனே எண்ணெயில் குளிர்ந்து, கரியையும் உள்வாங்கி, அடிப்படை எஃகைவிட மிகக் கடினமான மெல்லிய தோலாக உறைந்துவிடுவதே அதற்குக் காரணம். சோதனைத் துண்டில் அந்தத் தோலின்மீது அரம் பிடிக்காமல் வழுக்குவதை முன்பே பார்த்திருந்தேன். அந்த இடத்தை வலிந்து கடக்காமல், அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாக நகர்த்திக் கடந்தேன். ஒரு டேப்பை எடுக்கப்போய் இன்னொன்றை உடைத்து வைக்க எனக்கு விருப்பமில்லை.

டேப் வேலை முடிந்த பின், எந்திரம் கையில் இருக்கிறதே என்று, எண்ட்மில் என்னும் உடைந்த கார்பைடு வெட்டுக்கருவியின் தண்டில் ஒரு பிளவு போட்டுப் பார்த்தேன். டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட் பிணைத்து வைத்திருக்கும் இந்தப் பொருளில் நிலைமை வேறு. கோபால்ட் 1,500 பாகையை ஒட்டி உருகிவிடும்; கார்பைடுக்கோ 2,800 பாகைக்கு மேல் வேண்டும். பொறி பட்ட மேற்பரப்பில் பிணைப்பு முதலில் போய்விடுவதால் துகள்கள் ஆதரவின்றி நிற்கின்றன. 20 மைக்ரோபாரட்டில் அரை மில்லிமீட்டர் செம்புத் தகட்டால் வெட்டிய பிளவின் விளிம்பில், நாற்பது மடங்கு உருப்பெருக்கத்தில், வறண்ட ஏரியின் தரைபோல் வெடிப்புகள் தெரிந்தன. கெப்பாசிட்டரை 1 மைக்ரோபாரட்டாகக் குறைத்து, ஒரு பொறிக்கு மூன்று மில்லிஜூலாக்கியபோது அதே உருப்பெருக்கத்தில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை. பிளவின் விளிம்பு கூர்மையாக வந்தது, நிறமும் சீரான மங்கல் சாம்பலாக இருந்தது. அதற்கு விலையாக, முன்பு இருபது நிமிடத்தில் இறங்கிய ஒரு மில்லிமீட்டருக்கு இம்முறை மூன்று மணி நேரத்திற்கு மேலாயிற்று.

எண்ணெயில் இப்போது குரோமியம், டங்ஸ்டன், கோபால்ட் ஆகியவற்றின் நுண்துகள்கள் மிதக்கின்றன. நைட்ரைல் கையுறையின்றி அதைத் தொடுவதில்லை, வடிகாலில் ஊற்றுவதுமில்லை. இரவு முழுவதும் தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் காகித வடிகட்டி வழியாக மறுபடியும் தொட்டிக்கு எடுத்துக்கொள்கிறேன்; அடியில் தங்கும் கருஞ்சேற்றை மூடியுள்ள தகரக் குவளையில் சேர்த்து வருகிறேன். அடுத்ததாகத் தலையில் ஒரு சுழலும் பிடிப்பானைப் பொருத்துவதற்கான வேலை தொடங்கியிருக்கிறது. எண்ணெயும் கசியாமல், மின்சாரமும் தூரிகை வழியாகத் தடையின்றிச் செல்ல வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒன்றாக நிறைவேற்றும் அடைப்பு வளையம் இன்னும் சரியாக அமையவில்லை.